கீதா முகர்ஜியின் ஏழு பரிந்துரைகள்

2023 செப்டம்பர் 19 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவை முதன்முறையாகக் கூடியபோது, மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா அறிமுகமானது. மறுநாள் 454 பேர் ஆதரிக்க, இருவர் மட்டும் எதிர்க்க, அது நிறைவேறியது. அதற்கு அடுத்த நாள் மாநிலங்களவையில் 214 வாக்குகள்; எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. எந்த நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்கும் போகாமல் மூன்றே நாட்களில் அரசியலமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

ஆனால் அந்தத் திருத்தத்தின் வாசகத்தை ஊன்றிப் படித்தால், அதன் அடிப்படையான சில முடிவுகள் 27 ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை என்பது விளங்கும். 1996 டிசம்பர் 9 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று தன் அறிக்கையை அளித்தது. அதன் தலைவர் மேற்கு வங்கத்தின் பான்ஸ்குரா தொகுதி உறுப்பினர் கீதா முகர்ஜி. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஏழு முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. வகித்த பதவிகளை வைத்து அரசியல்வாதிகளை எடைபோடும் நம் வழக்கத்தில் இத்தகையவருக்கு இடம் கிடைப்பது அரிது. அவருடைய இருபதாண்டு நாடாளுமன்ற வாழ்வை அளக்க வேறொரு கோல் வேண்டும். அந்த அறிக்கை சொன்ன ஏழு பரிந்துரைகள் பிறகு என்ன ஆயின என்று தேடிப்போவதே அந்தக் கோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவர் சங்கத்திலிருந்து மக்களவைக்கு

1924-இல் பிறந்த கீதா, வங்கத்தின் 1940-களில் அரசியலுக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1942-இன் ஆகஸ்ட் போராட்டம், 1943-இன் பெரும் பஞ்சம், குத்தகை விவசாயிகளின் தெபாகா இயக்கம், பிரிவினை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த நிகழ்ச்சிகளே அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம். 1942-இல் கம்யூனிஸ்ட் தலைவர் விஸ்வநாத் முகர்ஜியை மணந்தார். 1947 முதல் 1951 வரை வங்க மாகாண மாணவர் சங்கத்தின் செயலாளராக இருந்தார். 1948-இல் மேற்கு வங்க அரசு கட்சியைத் தடை செய்தபோது விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். வங்க இலக்கியம் படித்தவர். பின்னாளில் குழந்தைகளுக்காகவும் நூல்கள் எழுதினார்.

புகுந்த வீட்டுக்குள்ளேயே அரசியல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. விஸ்வநாத்தின் அண்ணன் அஜய் முகர்ஜி காந்தியவழிக் காங்கிரஸ்காரர். 1942-இல் தாம்லுக்கில் ஆங்கிலேயருக்குப் போட்டியாக இயங்கிய தாம்ரலிப்த தேசிய அரசின் தலைவர்களுள் ஒருவர். அதே காலத்தில் தம்பி இருந்த கட்சியோ அந்தப் போராட்டத்துக்கு எதிர்நிலை எடுத்திருந்தது. காங்கிரசிலிருந்து பிரிந்து வந்த அஜய், 1967-இல் மேற்கு வங்கத்தின் முதல் ஐக்கிய முன்னணி அரசுக்கு முதலமைச்சரானபோது விஸ்வநாத் அதில் அமைச்சரானார். மாற்று முகாமைச் சேர்ந்தவர்களோடு ஒரே கூரையின்கீழ் பேசி முடிவுக்கு வருவது கீதாவுக்குக் குடும்பத்திலேயே பழகிய காரியம்.

தமிழ்நாட்டுக்கும் இக்குடும்பத்துக்கும் ஓர் உறவு உண்டு. அக்குடும்பத்துப் பெண்ணான கல்யாணியை மணந்தவர் மோகன் குமாரமங்கலம். அவருடைய தங்கை பார்வதி கிருஷ்ணன், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து மூன்று முறை மக்களவைக்குப் போனவர். பார்வதியின் கடைசி மக்களவை 1977-இல் தொடங்கியது. அதற்கு அடுத்த மக்களவையில் கீதா நுழைந்தார்.

அதற்குமுன் 1967 முதல் 1977 வரை மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் அவர் உறுப்பினர். ஆட்சிகள் கவிழ்ந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, மீண்டும் தேர்தல் வந்த அந்தப் பத்தாண்டில் நான்கு முறை மக்களைச் சந்தித்து நான்கு முறையும் வென்றார். 1980-இல் தில்லிக்குப் போனபோது வயது 56. அவர் அங்கே கற்றுக்குட்டியாகப் போகவில்லை.

பான்ஸ்குரா: ஒதுக்கீடு இல்லாத தொகுதி

1980, 1984, 1989, 1991, 1996, 1998, 1999 என்று நடந்த ஏழு மக்களவைத் தேர்தல்களிலும் பான்ஸ்குரா அவரையே தேர்ந்தெடுத்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த 1984 தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நாடு முழுவதும் வென்ற இடங்கள் ஆறுதான். அவற்றுள் ஒன்று பான்ஸ்குரா. 1999-இல் அக்கட்சிக்குக் கிடைத்தவை நான்கு. அதிலும் பான்ஸ்குரா இருந்தது.

மேதினிபூர் மாவட்டத்து நெல்வயல்களும் விவசாயக் கூலிகளும் நிறைந்த அந்தத் தொகுதி, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. அப்படி ஒரு தொகுதி நாட்டில் எங்கும் இல்லாத காலம் அது. கீதாவுக்கு முன்பு, 1977-இல் அங்கே வென்று மொரார்ஜி தேசாய் அரசில் இணையமைச்சரானவரும் ஆபா மைதி என்ற பெண்ணே. அதாவது 1977 முதல் 2000 வரை ஒரு கிராமப்புறப் பொதுத்தொகுதி தொடர்ந்து பெண்களையே தில்லிக்கு அனுப்பியிருக்கிறது. பெண் வேட்பாளர் என்றால் வாக்கு விழாது என்று கட்சிகள் சொல்லிவந்த சமாதானத்துக்குப் பான்ஸ்குராவின் வாக்காளர்கள் 23 ஆண்டுகள் பதில் சொன்னார்கள்.

எனினும் தன் வெற்றியையே பொது விதியாக்கி, திறமையுள்ள பெண்கள் தாமாகவே மேலே வருவார்கள் என்று கீதா வாதிடவில்லை. 1977-இல் அமைந்த மக்களவையில் பெண்கள் 19 பேர். அவர் முதன்முறை நுழைந்த 1980-இல் 28 பேர். பதினாறு ஆண்டுகள் கழித்து 1996-இல் 40 பேர். ஐந்நூற்று நாற்பத்துச் சொச்சம் பேர் அமரும் அவையில் இது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வாக்காளர் முன்பு நிற்பதற்கு முன்னால் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். பெண்கள் தேங்கி நின்றது அந்த இடத்தில்தான். இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் தலைவராகப் பல மாநிலங்களின் பெண் ஊழியர்களோடு பழகிய கீதாவுக்கு இது புள்ளிவிவரத்தால் தெரியவேண்டிய செய்தியல்ல.

சிறிய கட்சியும் குழு அறையும்

மக்களவையில் பேசும் நேரம் கட்சியின் பலத்துக்கேற்பப் பகிரப்படுகிறது. நானூறு உறுப்பினர் கொண்ட கட்சிக்கு மணிக்கணக்கில் கிடைப்பது, ஆறு பேர் கொண்ட கட்சிக்குச் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களிலும் மூத்த ஆண் தலைவர்கள் பேசிய பிறகே மற்றவர்களுக்கு முறை வரும். குழுவில் நிலைமை வேறு. ஒரு மசோதாவை உட்பிரிவு உட்பிரிவாக எடுத்துப் பேசும் அறையில், ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் சிறிய கட்சியின் ஒற்றை உறுப்பினருக்கும் குரல் ஒன்றே. உடன்படாதவர் தம் மாற்றுக்கருத்தை எழுதி அறிக்கையோடு இணைக்கலாம். சாட்சியம் சொல்ல வருவோரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். வாதத்தின் வலுவும் ஆயத்தமும் செல்லுபடியாகும் இடம் அது. சிறிய கட்சியின் உறுப்பினர் ஒருவர் சட்டத்தின்மீது தடம் பதிக்க வேண்டுமென்றால் அங்கேதான் முடியும்.

தில்லி சென்ற தொடக்கத்திலேயே கீதாவுக்கு அந்த வாய்ப்பு வந்தது. மதுரா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமியை வன்கொடுமை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. அவள் எதிர்த்ததற்கான காயம் எதுவும் உடலில் இல்லை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. 1979-இல் உபேந்திர பக்ஷி, லதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பெண்கள் இயக்கத்தைத் தட்டியெழுப்பியது. அதன் விளைவாக 1980-இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவில் கீதாவும் உறுப்பினர். 1983-இல் அது சட்டமானபோது, காவலில் நிகழும் வன்கொடுமை தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டிருந்தது. அத்தகைய வழக்குகளில் தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத் தொடங்கவேண்டும் என்ற பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றமாகியிருந்தது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலக் குழு, பொதுத்துறை நிறுவனங்கள் குழு, கிராமப்புறத் தொழிலாளர் தேசிய ஆணையம் என்று அவருடைய பணிகள் இதே வழியில் நீண்டன. தலைப்புச் செய்தியாகாத வேலைகள். 1996-இல் நாடாளுமன்றமே தடுமாறி நின்ற ஒரு மசோதாவை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, இந்தப் பழக்கமே அவருக்குத் தகுதியாக நின்றது.

மசோதாவின் முன்கதை

சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் விவாதம் 1990-களில் பிறந்ததல்ல. 1930-இல் இலண்டன் முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரு இந்தியப் பெண்களுள் ஒருவரான ராதாபாய் சுப்பராயன், பெண்களுக்குத் தற்காலிகமாகவேனும் இட ஒதுக்கீடு வேண்டும் என்று வாதிட்டவர். அவர் பார்வதி கிருஷ்ணனின் தாயார். அன்றைய அகில இந்தியப் பெண்கள் அமைப்புகள் சலுகை வேண்டாம், சம உரிமை போதும் என்று அதை மறுத்தன. 1935-இன் சட்டம் மாகாண அவைகளில் பெண்களுக்குச் சில இடங்களை ஒதுக்கியது. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ரேணுகா ராய் போன்ற பெண் உறுப்பினர்களே அது தேவையில்லை என்றார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலித்தது என்பதைக் கணக்கெடுத்தது, பெண்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட குழு 1974-இல் முடித்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை. அந்தக் குழுவிலும் பெரும்பான்மையினர் சட்டமன்ற ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. வீணா மஜும்தாரும் லதிகா சர்க்காரும் மாற்றுக்கருத்து எழுதினார்கள். சிறுபான்மையினரின் அந்தக் குறிப்பே இருபது ஆண்டுகளில் பொதுக்கருத்தானது. 1992-இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தன. ஊராட்சிக்கு ஆகும் ஒன்று நாடாளுமன்றத்துக்கு ஏன் ஆகாது என்ற கேள்வி அதன்பின் தவிர்க்கமுடியாததாகிவிட்டது.

தேவ கவுடாவின் ஐக்கிய முன்னணி அரசு 1996 செப்டம்பர் 12 அன்று 81-ஆவது திருத்த மசோதாவை மக்களவையில் வைத்தது. விவாதமே இல்லாமல் அன்றே நிறைவேற்றிவிடலாம் என்ற உற்சாகமும் இருந்தது. ஆனால் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுந்து, தங்கள் சமூகப் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு எங்கே என்று கேட்டார்கள். மசோதா இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர் கொண்ட கூட்டுக் குழுவுக்குப் போனது. நிதிஷ் குமார், மம்தா பானர்ஜி, சரத் பவார், சுஷ்மா ஸ்வராஜ், உமா பாரதி முதலியோரும், பின்னாளில் மக்களவைத் தலைவர்களான மீரா குமாரும் சுமித்ரா மகாஜனும் அதில் இருந்தார்கள். இத்தனை முரண்பட்ட குரல்களை மேசையைச் சுற்றி அமர்த்தி, மூன்று மாதத்துக்குள் கீதா முகர்ஜி அறிக்கையை முடித்தார்.

ஏழு பரிந்துரைகள்

முதல் பரிந்துரை, பார்வைக்குச் சிறியது. மசோதா பெண்களுக்கு ‘மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத’ இடங்கள் என்றது. இது தெளிவற்றது, பலவாறு பொருள்கொள்ள இடமளிக்கும் என்று கண்ட குழு, ‘இயன்றவரை மூன்றில் ஒரு பங்கு’ என்று மாற்றச் சொன்னது. மசோதாவின் வாசகம் ஊராட்சித் திருத்தத்திலிருந்து வந்தது. குழு தேர்ந்த வாசகமோ, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்களவையில் இடம் ஒதுக்கும் 330-ஆவது பிரிவில் 1950 முதல் இருந்துவருவது. வேறுபாட்டைக் கர்நாடகத்தின் 28 தொகுதிகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு 9.33. குறையக்கூடாது என்றால் 10 தர வேண்டும். இயன்றவரை என்றால் 9 போதும். ஆக, குழு பெண்களுக்கு ஓரிடம் கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, நீதிமன்றத்தில் நிற்கும் உறுதியைத் தேர்ந்துகொண்டது. போராட்டக்காரராக வாழ்ந்த ஒருவர் சட்டம் எழுதும்போது எவ்வளவு நிதானக்காரராக இருந்தார் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, மூன்றுக்குக் குறைந்த இடங்கள் கொண்ட மாநிலங்கள் பற்றியது. மக்களவையில் கோவா, மணிப்பூர், மேகாலயா, திரிபுரா, அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு இடங்கள். மிசோரம், நாகாலாந்து, சிக்கிம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மூன்றால் வகுக்க முடியாததால் மசோதா இவற்றை அப்படியே விட்டிருந்தது. ஒரே தேர்தலில் பார்க்காமல் மூன்று தேர்தல்களை ஒரு சுற்றாகக் கொண்டால் இந்த மாநிலங்களுக்கும் முறை வரும் என்பது குழு கண்ட தீர்வு. மூன்றாவது, தில்லிச் சட்டமன்றம். 1991-இன் திருத்தத்தால் தனிப் பிரிவின்கீழ் உருவான அந்த அவையை மசோதா மறந்திருந்தது, குழு சேர்த்தது. நான்காவது, நியமன உறுப்பினர்களாக வரும் ஆங்கிலோ இந்தியரிலும் சுழற்சியில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது.

ஐந்தாவது, கால வரம்பு. ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு இருக்கட்டும், பிறகு மறு ஆய்வு செய்யலாம் என்றது அறிக்கை. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டுக்குப் பத்தாண்டு வரம்பு வைத்து ஒவ்வொரு பத்தாண்டிலும் நீட்டித்துவந்த அனுபவம் கண்முன் இருந்தது. நிரந்தரச் சலுகை என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடாமல், மூன்று பொதுத்தேர்தல்களாவது நடக்கும் கால அளவை இது உறுதிசெய்தது.

ஆறாவது, மாநிலங்களவையிலும் மாநில மேலவைகளிலும் பெண்களுக்கு ஒதுக்கீடு தர அரசு வழி காணவேண்டும் என்பது. சட்டமன்ற உறுப்பினர்கள் விருப்ப வரிசை வாக்கால் தேர்ந்தெடுக்கும் அவைக்குத் தொகுதிகள் கிடையாது. தொகுதியை ஒதுக்கும் முறை அங்கே பொருந்தாது. ஆகவே குழு வழியை வரையறுக்காமல் பொறுப்பை அரசிடம் விட்டது.

ஏழாவதுதான் நெருப்பு. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குச் சட்டமன்ற ஒதுக்கீடு என்பதே அரசியலமைப்பில் இல்லை. இல்லாத ஒதுக்கீட்டுக்குள் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு தருவது எப்படி? உரிய காலத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கீட்டை விரிவாக்க அரசு பரிசீலிக்கட்டும், அப்போது அவ்வகுப்புப் பெண்களும் பயன் பெறுவர் என்றது அறிக்கை. நிதிஷ் குமார் இதை ஏற்காமல் மாற்றுக்கருத்து எழுதினார். கீதாவின் நிலை தெளிவானது: இந்தக் கோரிக்கை நியாயமற்றது என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் காரணங்காட்டி மசோதாவையே நிறுத்திவைக்கக்கூடாது. அவர் எதிர்பாராதது, அந்த நிறுத்தம் 27 ஆண்டு நீடிக்கும் என்பது.

காத்திருப்பு

1997 மே மாதம் மக்களவை விவாதத்தில் ஜனதா தளத்தின் சரத் யாதவ், தலைமுடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொண்ட நகரத்துப் பெண்களுக்குத்தான் இந்தச் சட்டம் பயன்படும் என்ற பொருளில் பேசினார். மசோதாவைக் கொண்டுவந்த முன்னணியின் முதன்மைக் கட்சியைச் சேர்ந்தவர் அவர். அவர் பேசிய அவையில், மேதினிபூர் விவசாயக் கூலிகளின் வாக்கில் ஐந்தாவது முறையாக வந்த குழுத் தலைவர் உறுப்பினராக இருந்தார். ஆண்டு இறுதியில் மக்களவை கலைக்கப்பட, மசோதா காலாவதியானது.

1998 ஜூலையில் வாஜ்பாய் அரசின் சட்ட அமைச்சர் மு. தம்பிதுரை மீண்டும் அறிமுகப்படுத்த முயன்றபோது மசோதாவின் பிரதிகள் பறிக்கப்பட்டு அவையிலேயே கிழிக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் அறிமுகமான மசோதாவும் மறு ஆண்டு மக்களவையோடு போயிற்று. 1999 டிசம்பரில் மூன்றாம் முறை அமளிக்கிடையே வந்தது. ஒவ்வொரு முறையும் ‘ஒருமித்த கருத்து’ எட்டப்படவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தேவைப்படும் திருத்தத்துக்கு, பெரிய கட்சிகள் அனைத்தும் ஆதரவு என்று அறிவித்திருந்த நிலையில், எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாலே போதும். குறைந்தது வாக்குகள் அல்ல. ஆதரிப்பதாகச் சொன்ன கட்சிகளின் மன உறுதி.

2000 மார்ச் 4 அன்று மாரடைப்பால் கீதா முகர்ஜி காலமானார். வயது 76. அவ்வாண்டு ஜூனில் பான்ஸ்குராவில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சி குருதாஸ் தாஸ்குப்தாவை நிறுத்தியது. திரிணாமுல் காங்கிரசின் விக்ரம் சர்க்கார் வென்றார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கேட்டு வாழ்ந்தவரின் இடத்துக்கு முக்கியப் போட்டியாளர்கள் இருவருமே ஆண்கள். ஒதுக்கீடு ஏன் சட்டத்தில் இருக்கவேண்டும், கட்சிகளின் நல்லெண்ணத்தை நம்பி ஏன் விடக்கூடாது என்பதற்கு அவர் உயிரோடிருந்தால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடியிருக்க வேண்டாம். பின்னர் தொகுதி மறுவரையறையில் பான்ஸ்குரா மக்களவைத் தொகுதியே மறைந்தது.

எத்தனை தேறின?

2008 மே மாதம் மன்மோகன் சிங் அரசு மசோதாவை மாநிலங்களவையில் வைத்தது. அந்த அவை கலைவதில்லை என்பதால் காலாவதி ஆகாது என்ற கணக்கு. ஏழில் முதல் ஐந்து பரிந்துரைகளும் அதில் இடம்பெற்றன. அதை ஆராய்ந்த நிலைக்குழுவுக்கு முதலில் இ.எம். சுதர்சன நாச்சியப்பனும் பிறகு ஜெயந்தி நடராஜனும் தலைமை வகித்தார்கள். இருவரும் அப்போது தமிழகக் காங்கிரஸ்காரர்கள். 2010 மார்ச் 9 அன்று 186 பேர் ஆதரிக்க, ஒருவர் எதிர்க்க, மாநிலங்களவையில் மசோதா நிறைவேறியது. மக்களவை அதைக் கையில் எடுக்கவே இல்லை. 2014-இல் மீண்டும் காலாவதி.

2023-இன் சட்டத்தோடு அறிக்கையை ஒப்பிட்டால் கணக்கு இப்படி வருகிறது. ‘இயன்றவரை மூன்றில் ஒரு பங்கு’ என்ற வாசகம், தில்லிச் சட்டமன்றம், 15 ஆண்டு வரம்பு ஆகிய மூன்றும் அப்படியே நிலைத்தன. ஆங்கிலோ இந்தியர் நியமனமே 2020-இல் முடிவுக்கு வந்ததால் நான்காவது பரிந்துரைக்கு வேலையில்லாமல் போயிற்று. இரண்டாவது கைவிடப்பட்டது: 2008 மசோதா மாநிலந்தோறும் மூன்றில் ஒரு பங்கு என்றது, 2023 சட்டம் மக்களவையின் மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு என்று மட்டும் சொல்கிறது. சிறிய மாநிலங்களுக்காகக் குழு யோசித்த ஏற்பாடு அதில் காணோம். ஆறாவதும் ஏழாவதும் எந்த மசோதாவிலும் இடம்பெறவே இல்லை.

சட்டம் புதிதாகச் சேர்த்த ஒன்று, கீதாவின் அறிக்கையின் போக்குக்கு நேர் எதிரானது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதைத் தொடர்ந்த தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்பது அந்த நிபந்தனை. மறுவரையறையால் தங்கள் இடங்களின் விகிதம் குறையும் என்று அஞ்சும் தென்மாநிலங்களின் பிரச்சினையோடு பெண்களின் பிரதிநிதித்துவம் இவ்வாறு முடிச்சிடப்பட்டது. சட்டம் நிறைவேறிய பின் நடந்த 2024 தேர்தலில் மக்களவைக்கு வந்த பெண்கள் 74 பேர். 2019-இல் வந்தவர்கள் 78.

சுழற்சியும் நீண்ட வேரும்

1996, 2008 மசோதாக்கள் இரண்டிலும் ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் சுழலும். குழு இந்த முறையில் கைவைக்கவில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. கீதாவின் பலம் ஒரே மண்ணில் இருபதாண்டு ஊன்றிய வேர். பான்ஸ்குரா ஒரு தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, அடுத்த இரண்டில் பொதுவாகியிருந்தால், அந்த இரண்டிலும் அவருக்கு அங்கே வாய்ப்பு கிடைத்திருக்குமா? ஒதுக்கீடு முடிந்த தொகுதியில் பெண்ணை மீண்டும் நிறுத்தக் கட்சிகள் தயங்கும் என்பதை உள்ளாட்சி அனுபவம் பலமுறை காட்டியிருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் கைமாறும் தொகுதியைப் பேணுவதில் உறுப்பினருக்கும் அக்கறை குறையும். ஒதுக்கீட்டுக்காக உழைத்தவரின் நாடாளுமன்ற வாழ்வு, அவருடைய குழு மாற்றாமல் விட்ட முறையின்கீழ் அமைந்திருப்பது கடினம்.

ஒவ்வொரு மறுவரையறைக்குப் பிறகே தொகுதிகள் சுழலும் என்று 2023 சட்டம் மாற்றியிருப்பது இந்த இடத்தில் ஒரு முன்னேற்றம். ஒரு பெண் இரண்டு மூன்று தேர்தல்கள் ஒரே தொகுதியில் நின்று வேரூன்ற அது வழிவிடும். கீதா முகர்ஜிகள் மேலும் பலர் உருவாக இது உதவும். எதிர்ப்பக்கத்தில், சுழற்சி எட்டாத தொகுதிகளில் ஆண்களின் பிடி அதே அளவு இறுகும். எது மேல் என்பதைப் பல தரப்பையும் கேட்டு எடைபோட ஒரு குழு இருந்திருக்க வேண்டும். 2023-இல் அப்படி எதுவும் அமைக்கப்படவில்லை.

கீதா முகர்ஜியின் வாழ்விலிருந்து நாடாளுமன்றத்துக்குக் கிடைக்கும் பாடமும் இதுவே என்பேன். அவர் தலைமையில் மாற்றுக் கட்சியினர் உட்கார்ந்து பேசித் தீர்த்தவை பல அரசுகளைத் தாண்டி, வேறொரு நூற்றாண்டில், அவர் எதிர்த்துவந்த கட்சியின் ஆட்சியில் சட்டமாயின. அவர்கள் பேசியும் தீராதவை, அதாவது மாநிலங்களவையும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களும், இன்றும் தீராமலேயே இருக்கின்றன. மூன்று நாளில் நிறைவேறிய சட்டம் அவற்றைத் தொடக்கூட இல்லை. ஒதுக்கீட்டால் அவைக்கு வரப்போகும் பெண்கள் முதலில் கேட்கவேண்டியது அமைச்சர் பதவியை அல்ல. எஞ்சிய இரண்டு பரிந்துரைகளையும், தொகுதிச் சுழற்சியையும் உட்பிரிவு உட்பிரிவாக ஆராய ஒரு கூட்டுக் குழுவையும், அதில் பேசத் தமக்குரிய இடத்தையும்தான்.